அக்காவின் படமும் நான் போட்ட பூச்சும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரான்சிலிருந்து என் அக்கா மகள் பேசினாள். நலம் விசாரித்து முடித்ததும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"மாமா, நீங்க எழுதற பக்கத்துல அம்மா படம் இருக்கில்ல, அதுமேல ஏதோ எஃபெக்ட் போட்டிருக்கீங்க. அதை எடுத்துட்டு அசல் படத்தைப் போட முடியுமா? பாட்டிக்கு முகத்துல அம்மைத் தழும்பு இருந்துச்சுன்னு என் பொண்ணுகிட்ட சொன்னேன். படத்துல எங்கேன்னு கேக்கறா."

அவள் சொன்னதில் பாதி சரி. அக்கா படத்தின்மேல் நான்கு பூச்சு போட்டிருந்தேன். பழுப்பு நிறம், வளைந்த ஓரங்கள், பின்னால் ஒரு நிழல், கூடவே மிக இலேசான மங்கல். ஸ்கேன் செய்தபோது தூசிப் புள்ளிகள் தெரிந்தன. அவற்றை மறைக்கத்தான் அந்த மங்கல். உடனே உட்கார்ந்து நான்கையும் எடுத்தேன். ஐந்து நிமிட வேலை. தூசிப் புள்ளிகள் திரும்பி வந்தன. தழும்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தொலைபேசியில் சொல்லி விளங்க வைக்க முடியவில்லை. எழுதிவிடுகிறேன் என்றேன். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். பேரன் பேத்திகள் கணினியில் படத்துக்குச் செய்கிற மாயங்களைப் பார்த்து நீங்களும் வியந்திருப்பீர்கள். அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் படம். 1964, எனக்குப் பதினைந்து வயது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. நான் பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் தமிழ். அக்காவுக்கு இருபத்திரண்டு. ஒன்பது வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவள். இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் குழிக்குழியாய்த் தழும்பு. பாரிசில் வேலை பார்த்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் படம் கேட்டார்கள். அப்பா அக்காவை ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். பத்து நாள் கழித்துப் படம் வந்தது. அதில் அக்காவின் கண் இருந்தது, மூக்கு இருந்தது, அவள் கட்டியிருந்த சேலை இருந்தது. கன்னம் மட்டும் வேறு யாருடையதோ போல வழவழவென்று இருந்தது. அம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நீல நிற வான் அஞ்சல் உறையில் படம் பாரிசுக்குப் போயிற்று.

அதைச் செய்தவரை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டுடியோவின் பின்கட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். முன்னால் சாய்வான ஒரு மேசை, அதில் பதித்த தேய்கண்ணாடி, அடியில் வெளிச்சத்தை மேலே திருப்பிவிட ஒரு நிலைக்கண்ணாடித் துண்டு. கண்ணாடிமேல் நெகட்டிவ். கையில் ஊசிபோல் சீவிய பென்சில். தழும்பின் குழி, படத்தில் கறுப்பாக விழும். அப்படியானால் நெகட்டிவில் அந்த இடம் தெளிவாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். அங்கே பென்சிலால் புள்ளி புள்ளியாய் வைத்து அடைத்துவிட்டால் ஒளி குறைவாகப் போகும். படத்தில் குழி வெளுத்துப் பக்கத்துத் தோலோடு கலந்துவிடும். எதையாவது கறுப்பாக்க வேண்டும் என்றால் அந்த இடத்தைச் சிறு கத்தியால் சுரண்டுவார். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் டச்சிங். பிரெஞ்சில் ரெத்தூஷ் என்பார்கள்.

இது எங்கள் ஊர்க்காரர் கண்டுபிடித்ததல்ல. 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில், அறிவியல் கழகமும் கவின்கலைக் கழகமும் கூடிய சபையில், தாகேரின் புகைப்பட முறையை அரகோ விளக்கினார். அதற்குப் பதினாறு ஆண்டு கழித்து, 1855-இல் அதே பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில், மியூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டேங்கல் ஒரே ஆளின் படத்தை இரண்டு விதமாகத் தொங்கவிட்டார் என்று படித்திருக்கிறேன். ஒன்று நெகட்டிவைத் திருத்தி எடுத்தது, இன்னொன்று திருத்தாதது. கூட்டம் கூட்டமாய் வந்து பார்த்தார்களாம். அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டில் குஸ்தாவ் லெ கிரே கடல் காட்சிகளை எடுத்தார். அந்தக் காலத்துத் தகடுகள் நீல நிறத்துக்கு அதிகமாக மசியும். கடல் சரியாக வந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் வானத்தை ஒரு நெகட்டிவிலும் கடலை இன்னொன்றிலும் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். எந்த மேகமும் அந்தக் கடலுக்கு மேலே அந்த நிமிடத்தில் நின்றதில்லை. படங்கள் இன்றைக்கும் பார்க்கப் பேரழகு.

ஆகப் படம் பிறந்த கொஞ்ச நாளிலேயே பூச்சும் பிறந்துவிட்டது. வலையிலும் அப்படித்தான் ஆயிற்று.

வைய விரிவு வலை பிறந்த இடம் ஜெனீவாவுக்குப் பக்கத்தில், பிரெஞ்சு எல்லையை ஒட்டி இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடம். அதற்கான திட்டத்தை 1989-இல் எழுதிக் கொடுத்தவர் டிம் பெர்னர்ஸ் லீ. அங்கே வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தார்கள். பெயர் லே ஒரிப்ள் செர்னெத். 'கோரமான செர்ன் பெண்கள்' என்று கேலியாகத் தங்களுக்கே வைத்துக்கொண்ட பெயர். அதன் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் அங்கே திட்டமிட்டிருந்த பெரிய துகள் முடுக்கியின் பெயர்ச் சுருக்கம் வரும்! பிரெஞ்சு படித்தவன் என்பதால் இந்தச் சிலேடையை நான் உடனே ரசித்தேன். பேரனுக்கு விளக்க வேண்டியிருந்தது. 1992-இல் அந்தக் குழுவின் படம் வலையில் ஏறியது. வலையில் ஏறிய முதல் புகைப்படங்களில் அதுவும் ஒன்று. அதை ஏற்றுவதற்கு முன்பே போட்டோஷாப்பின் முதல் பதிப்பில் வைத்து ஒட்டி வெட்டியிருந்தார்கள். அதாவது வலைக்கு வந்த முதல் படங்களிலேயே கைவேலை இருக்கிறது.

அப்போதெல்லாம் படம் எழுத்தோடு சேர்ந்து தெரியாது. சொடுக்கினால் தனிச் சாளரத்தில் திறக்கும். எழுத்துக்கு நடுவிலேயே படம் தெரிய ஒரு குறியீடு வேண்டும் என்று 1993 பிப்ரவரியில் முன்மொழிந்தவர் மார்க் ஆண்ட்ரீசன். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த இளைஞர். வேறு விதமாகச் செய்யலாமே என்று பலர் பல யோசனை சொன்னார்கள். அவர் காத்திருக்கவில்லை, மொசைக் உலாவியில் தன் குறியீட்டையே வைத்து வெளியிட்டுவிட்டார். இன்றுவரை அதே குறியீடுதான். முப்பத்தைந்து வருஷம் அலுவலகத்தில் குப்பை கொட்டிய எனக்கு இது புதிதல்ல. குழு கூடி விவாதித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் போட்ட தற்காலிகக் குறிப்பு நிரந்தர ஆணையாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் படம் அசையாது. சுவரில் ஆணி அடித்து மாட்டிய படம்போல அப்படியே இருக்கும். அதை மாற்றியது ஜாவாஸ்கிரிப்ட். 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். முதலில் மோச்சா என்று பெயர், அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவா என்பது வேறொரு மொழி. அந்தச் சமயத்தில் அந்தப் பெயருக்கு மவுசு, அவ்வளவுதான் உறவு. இந்த மொழியில் எழுதிய கட்டளை, பக்கம் படிப்பவருடைய கணினியிலேயே ஓடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1996-இல் வந்த நெட்ஸ்கேப் மூன்றாம் பதிப்பில், பக்கத்தில் இருக்கும் படத்தை ஜாவாஸ்கிரிப்ட் தொட்டு மாற்ற முடிந்தது. அதிலிருந்து ஒரு வித்தை பரவியது. ஒரே அளவில் இரண்டு படம் வைத்துக்கொள்ள வேண்டும். சுட்டி மேலே வந்ததும் முதல் படத்தின் முகவரியை எடுத்துவிட்டு இரண்டாவதன் முகவரியை வைக்க வேண்டும். சுட்டி விலகினால் பழையதைத் திரும்ப வைக்க வேண்டும். பார்ப்பவருக்குப் படமே மாறுவதுபோல் இருக்கும். ரோல்ஓவர் என்றார்கள். தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலம் அது. இரண்டாவது படம் வந்து சேர்வதற்குள் சுட்டி எங்கோ போயிருக்கும். அதனால் அதை முன்கூட்டியே இறக்கி வைக்கவும் ஒரு கட்டளை எழுதினார்கள். 1997-இல் மைக்ரோசாஃப்ட் உலாவியின் நான்காம் பதிப்பு, படத்தைச் சாம்பல் நிறமாக்கும், எக்ஸ்ரே போலாக்கும், இடம் வலம் புரட்டும் வடிகட்டிகளைக் கொண்டுவந்தது. அவை அந்த உலாவியில் மட்டுமே வேலை செய்யும். பக்கத்து வீட்டு உலாவியில் வெறும் படம்தான்.

நான் 2009-இல் ஓய்வு பெற்றேன். மறு ஆண்டு எழுத ஆரம்பித்தேன். எனக்குக் கணினி கற்றுக்கொடுத்த பேரன் அப்போது பத்தாம் வகுப்பு. அவன் சொல்வதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன், பிரெஞ்சும் தமிழும் கலந்து. நாங்கள் நுழைந்தபோது பிளக்-இன்கள் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தன.

அவற்றின் கதை இப்படி. 2005-இல் லோகேஷ் தாக்கர் என்ற இளைஞர் லைட்பாக்ஸ் என்ற சிறு நிரலை வெளியிட்டார். சின்னப் படத்தைச் சொடுக்கினால் பக்கம் முழுதும் இருளும். நடுவில் படம் பெரிதாக எழும். சினிமாக் கொட்டகையில் விளக்கை அணைத்த மாதிரி. 2006 ஜனவரியில் நியூயார்க்கில் ஜான் ரெசிக் ஜேக்வெரியை அறிமுகப்படுத்தினார். ஒவ்வொரு உலாவிக்கும் தனித்தனியாக எழுத வேண்டிய பத்து வரியை ஒரே வரியில் முடித்துவைத்தது அது. அதைவிடப் பெரிய விஷயம், அதன்மேல் யார் வேண்டுமானாலும் தன் கைவேலையைச் செருகலாம் என்று வழி விட்டிருந்தார். அப்படிச் செருகுவதுதான் பிளக்-இன். தமிழில் செருகுநிரல் என்று நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். ஓரம் வளைக்க ஒன்று, நிழலுக்கு ஒன்று, படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட ஒன்று, கீழே தண்ணீரில் தெரிவதுபோல் பிம்பம் விழ ஒன்று. ஆயிரக்கணக்கில் வந்தன. பெரும்பாலும் இலவசம்.

போடுவது எங்களைப் போன்றவர்களுக்கும் எளிது. பக்கத்தின் தலைப்பகுதியில் இரண்டு வரி: ஜேக்வெரியைக் கூப்பிட ஒன்று, பிளக்-இன்னைக் கூப்பிட ஒன்று. அப்புறம் எந்தப் படத்துக்குப் பூச்சு வேண்டுமோ அதன் குறியீட்டில் ஒரு வகைப்பெயரைச் சேர்க்க வேண்டும். அலுவலகத்தில் கோப்பின் மூலையில் 'அவசரம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவோமே, அப்படி. நிரல் பக்கம் முழுக்கத் தேடிப்போய், சீட்டு ஒட்டிய படங்களுக்கு மட்டும் தன் வேலையைச் செய்யும்.

படத்தின் நிறத்தையே மாற்றுகிற பிளக்-இன்கள்தான் என்னை மிகவும் கவர்ந்தன. அவை கான்வாஸ் என்ற ஒன்றை நம்பியிருந்தன. 2004-இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸும் ஏற்றுக்கொண்டது. அது பக்கத்துக்குள் விரித்த ஒரு வெற்றுத் திரை. படத்தை அதன்மேல் ஒரு நகல் எடுத்துப் போட்டால், ஒவ்வொரு புள்ளியையும் எண்ணாகக் கேட்டு வாங்கலாம். ஒரு புள்ளிக்கு நான்கு எண்: சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுமை. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 600 புள்ளி அகலமும் 400 புள்ளி உயரமும் கொண்ட படத்தில் 2,40,000 புள்ளிகள், எண்கள் 9,60,000. பேரேடு எழுதிக் கை தேய்ந்தவனுக்கு இதைவிட இன்பமான செய்தி உண்டா? படம் என்பது கடைசியில் ஒரு பேரேடு!

வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் போதும் என்று நினைத்தேன். பேரன் சிரித்தான். நம் கண்ணுக்குப் பச்சை அதிகம் ஒளிரும், நீலம் குறைவு. அதனால் சிவப்பை 0.299-ஆலும் பச்சையை 0.587-ஆலும் நீலத்தை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்டுகிறார்கள். 200, 150, 100 என்று ஒரு புள்ளி இருந்தால் விடை 159. மூன்று இடத்திலும் 159-ஐ எழுதினால் அந்தப் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும். அவன் சொல்வதை நம்பாமல் இருபது புள்ளிக்கு நோட்டில் பெருக்கிப் பார்த்தேன். சரியாக வந்தது. பழுப்பு நிறத்துக்கு இதேபோல் ஒன்பது பெருக்கெண்கள்.

அந்தப் பழுப்புக்கு செப்பியா என்று பெயர். கணவாய் மீனுக்கான கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. அந்த மீன் கக்கும் மையை ஒரு காலத்தில் வரைவதற்குப் பயன்படுத்தினார்கள். பழைய புகைப்படங்களில் கணவாய் மை கிடையாது. அங்கே நடந்தது வேதியியல்: படத்திலுள்ள வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றினார்கள். நிறம் பழுப்பாகும், அதோடு படம் சீக்கிரம் மங்காது. அதாவது அன்றைய பழுப்பு படத்தைக் காப்பாற்றியது. கணினிப் பழுப்பு எதையும் காப்பாற்றுவதில்லை, பழையதுபோல வேஷம் போடுகிறது. அதை உணராமல் அறுபதுகளில் எடுத்த எல்லாப் படத்தையும் பழுப்பாக்கினேன். அறுபதுகளில் எங்கள் வீட்டுப் படங்கள் பழுப்பாக இருந்ததே இல்லை, நல்ல கறுப்பு வெள்ளை. இதை ஒரு நண்பர் சுட்டிக்காட்டியபோது கோபம்கூட வந்தது.

அந்த இரண்டு மூன்று வருஷம் எனக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். தாத்தாவின் படத்துக்குத் தண்ணீர்ப் பிம்பம். கடற்கரைப் படத்துக்கு நிழல். சித்தப்பாவின் கருமாதிப் படத்துக்கு, சுட்டி பட்டதும் பெரிதாகித் துள்ளும் பூச்சு! வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இது என்ன கூத்து, மனுஷன் செத்தும் ஆடறாரு" என்றாள். அன்றே எடுத்தேன்.

பிறகு ஒருநாள் எல்லாம் நின்றது. லைட்பாக்ஸ் பெரிதாக்கும் படங்கள் நிறைய இருந்த பக்கத்தில் ஜேக்வெரி பிளக்-இன் ஒன்றைச் சேர்த்தேன். இரண்டும் படுத்துவிட்டன. காரணம் விசித்திரமானது. அன்றைய லைட்பாக்ஸ், புரோட்டோடைப் என்ற வேறொரு நூலகத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. அந்த நூலகமும் ஜேக்வெரியும் தங்கள் பெயர்ச் சுருக்கமாக டாலர் குறியையே வைத்திருந்தன. டாலரே என்று கூப்பிட்டால் யார் வருவது? ஒரே முத்திரையை இரண்டு கண்காணிப்பாளர்கள் வைத்திருந்தால் அலுவலகம் என்ன ஆகும், அதேதான். ஜேக்வெரிக்காரர்கள் தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்க ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள் என்று பேரன் கண்டுபிடித்துச் சேர்த்தான். அவன் வருவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது.

அந்த இரண்டு நாளில் நான் கவனித்தது ஒன்று உண்டு. பூச்சு எல்லாம் போயிருந்தது. பிம்பம் இல்லை, நிழல் இல்லை, பழுப்பு இல்லை. ஆனால் ஒரு படம்கூடக் கெடவில்லை. தாத்தா தாத்தாவாகவே இருந்தார். ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்வது பார்ப்பவர் கணினியில், நகலின்மேல். சர்வரில் இருக்கும் கோப்பை அது தொடுவதே இல்லை. கோப்பின்மேல் வைத்த கண்ணாடித்தாளில் எழுதுவதுபோல. தாளை எடுத்தால் கோப்பு அப்படியே கிடக்கும். கைபேசியில் ஒரு படத்துக்கு வண்ணப்பூச்சு போட்டு அதையே சேமித்தால் புள்ளிகளே மாறிப்போகும். அது வேறு கணக்கு.

இதற்கு ஒரு கொள்கையே இருக்கிறது. முதலில் பக்கம் எந்த அலங்காரமும் இல்லாமல் எல்லோருக்கும் படிக்கக் கிடைக்க வேண்டும், அலங்காரம் அதன்மேல் அடுக்காக வர வேண்டும், அடுக்கு உதிர்ந்தால் அடியில் இருப்பது நிற்க வேண்டும். 2003-இல் ஸ்டீவ் சாம்பியன் என்பவர் இதற்குப் படிப்படியான மேம்பாடு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பிளக்-இன் எழுதிய நல்ல கைகள் எல்லாம் இதை மதித்தன.

பிறகு பிளக்-இன்களின் காலமும் போயிற்று. வளைந்த ஓரம், நிழல், சாம்பல், பழுப்பு, மங்கல் எல்லாம் உலாவிக்குள்ளேயே வந்துவிட்டன. 2012-க்குப் பிறகு நடை விதியில் ஒரே ஒரு வரி எழுதினால் படம் பழுப்பாகும்; நோட்டில் நான் போட்ட பெருக்கல் எல்லாம் உலாவியே போட்டுக்கொள்ளும். என் பக்கத்தின் பழைய பிளக்-இன்களை நீக்கி, இந்த ஒற்றை வரிகளை வைத்தேன். அக்கா படத்தில் இருந்தவை அவைதான்.

அக்கா கதையை முடிக்கவில்லை. பாரிஸ் மாப்பிள்ளை விடுப்பில் ஊருக்கு வந்தபோது, தாயாரோடு பெண் பார்க்க வந்தார். அக்கா காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். அவர்கள் படத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். அந்த அம்மாள் ஒருமுறை படத்தைப் பார்த்தார், ஒருமுறை அக்காவைப் பார்த்தார். "இது இவதானா?" என்று கேட்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார், கெட்ட மனிதர் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுதான் இன்று இருக்கும் ஒரே பிரதி.

அதற்குப் பிறகு அக்கா படத்துக்கு நின்றதில்லை. 1969-இல் காரைக்காலில் ஒரு பள்ளி ஆசிரியருக்கு வாழ்க்கைப்பட்டாள். நேரில் பார்த்து, நேரில் சம்மதம் சொன்னவர். அந்தக் கல்யாணப் படத்திலும் அவள் முகம் தெரியாது, குனிந்த தலைதான். குடும்பப் படங்களில் யாருக்காவது பின்னால் நின்றுவிடுவாள். பிறந்தநாள் விழாக்களில் கேமராவைக் கண்டால் சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். 1998-இல் காலமானாள். அவள் மகளுக்குத் தாய் முகம் நினைவில் இருக்கிறது. பேத்திக்கு அந்த வழவழப்பான கன்னம் மட்டும்.

ஸ்டுடியோ எப்போதோ மூடிவிட்டது. நெகட்டிவ் இருந்திருந்தால் பென்சிலைத் துடைத்தாவது பார்த்திருக்கலாம். கணினியில் மேலே போட்ட பூச்சை நான் ஐந்து நிமிடத்தில் எடுத்தேன். அடியிலே போட்டதை எடுக்க வழியில்லை. அந்த டச்சிங்காரரைக் குறை சொல்லவில்லை. அப்பா சொன்னதைச் செய்தார், அழகாகச் செய்தார். நான் தூசிக்காகப் போட்ட மங்கல்தான் என்னை உறுத்தியது. தழும்பே படத்தில் இருந்திருந்தாலும் அந்த மங்கல் பாதியை விழுங்கியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஒன்று நினைவுக்கு வந்தது. அக்கா இறந்தபோது காகித வேலைகளை எல்லாம் நான்தான் பார்த்தேன். குமாஸ்தா வீட்டில் எந்தக் காகிதமும் குப்பைக்குப் போகாது. பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் தேடினேன். இறப்புச் சான்றிதழின் நகலுக்குக் கீழே அக்காவின் வாக்காளர் அடையாள அட்டை இருந்தது. தொண்ணூறுகளில் எடுத்தது. அரசாங்கம் கேட்ட படத்துக்கு மட்டும் அவளால் சமையல்கட்டுக்குப் போக முடியவில்லை. வரிசையில் உட்கார வைத்து எடுத்த படம், பென்சில் பிடிக்க யாருக்கும் நேரமில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய முகம். இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் எல்லாம் இருந்தது. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்ச நேரம் பரண் ஏணியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கேன் செய்து, எண்ணையும் முகவரியையும் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்தேன். பிறகு, முப்பது வருஷத்துப் பழைய வித்தை என்றாலும், ரோல்ஓவர் போட்டேன். முதலில் ஸ்டுடியோ படம், சுட்டி பட்டால் அட்டைப் படம், விலகினால் மறுபடி ஸ்டுடியோ படம். என் கணினியில் அருமையாக வேலை செய்தது. பத்துப் பதினைந்து முறை போட்டுப் போட்டுப் பார்த்தேன். அக்கா மகளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

"மாமா, பழைய படம்தானே இருக்கு" என்றாள்.

அவள் பார்ப்பது கைபேசியில். கைபேசியில் ஏது சுட்டி? விரலை மேலே வைக்காமல் சும்மா கொண்டுபோனால் கண்ணாடிக்குத் தெரியாது. தொட்டால் மாறும்படி செய்யலாம் என்றான் பேரன். வேண்டாம் என்றேன். எல்லா வித்தையையும் எடுத்துவிட்டு, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இப்போது இந்தப் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது அதுதான். பழுப்பு இல்லை, நிழல் இல்லை, ஓரம்கூட வளைக்கவில்லை.

மறுநாள் அவளே மீண்டும் பேசினாள். அட்டைப் படத்தைப் பெரிதாக்கி அனுப்ப முடியுமா, சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றாள். அசல் தபால் தலை அளவுதான் இருக்கிறது, பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும், வேண்டுமானால் கொஞ்சம் வழவழப்பாக்கித் தரச் சொல்கிறேன் என்றேன், பழக்க தோஷத்தில்.

"புள்ளி தெரிஞ்சா தெரியட்டும் மாமா" என்றாள்.